கடற்கரையில் மொராக்கோ பாணி விடுமுறை வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோரத்தில் மனை வாங்கி, வாடகைக்கு விடுகிற விடுமுறை வீடு கட்ட நினைப்பவர்கள் மொராக்கோ வீடுகளின் படங்களைக் காட்டி "இப்படித்தான் வேண்டும்" என்கிறார்கள். அதன்பின் கேட்கிற சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வெயில், பெருமழை, உப்புக்காற்று மூன்றும் சேர்ந்த எந்த வெப்பமண்டலக் கடற்கரைக்கும் பதில்கள் பொருந்தும். கேள்விகளைக் கேட்டபடியே விட்டுவிட்டேன்.

மொராக்கோ ஸ்டைல் என்றால் ஆர்ச், கலர் டைல்ஸ், தொங்குவிளக்கு. அவ்வளவுதானே?

அதெல்லாம் கடைசியில் வருகிற அலங்காரம். முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் அமைப்பு. மராகேஷ், ஃபெஸ் நகரங்களின் பழைய பகுதிகளில் உள்ள, ரியாத் எனப்படும் முற்றம் வைத்த வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கும். வெளியே வெறும் சுவர், ஒரு கதவு. கதவு திறந்திருந்தாலும் உள்ளே நேராகப் பார்க்க முடியாதபடி நடை ஒருமுறை திரும்பும். திரும்பியதும் முற்றம், நடுவில் நீர், நான்கு பாத்திகளில் செடிகள், சுற்றிலும் அறைகள். அறைகளுக்கு வெளிச்சமும் முற்றத்திலிருந்துதான்.

சுவருக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மராகேஷில் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய பென் யூசுஃப் மதரஸாவின் முற்றத்தில் அது பளிச்சென்று தெரியும். கீழே பளபளக்கும் வண்ண ஓடு, அதற்கு மேல் செதுக்கிய சாந்து, உச்சியில் தேவதாரு மரவேலை. இந்த மூன்றடுக்கு கடற்கரை வீட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஈரக்காலும் மணலும் பெட்டிச் சக்கரமும் இடிக்கிற கீழ்ப்பகுதிக்கு ஓடு, கை அதிகம் படாத நடுப்பகுதிக்குப் பூச்சு, கூரை நிழலில் மரம். ஒரு ஆர்ச்கூட வைக்காமல் இந்த ஒழுங்கை மட்டும் பிடித்தாலே சாயல் வந்துவிடும்.

அங்கேயும் வெயில், இங்கேயும் வெயில். அந்த வீட்டை அப்படியே கட்டினால் என்ன?

அங்கே அடிப்பது வறண்ட வெயில். மராகேஷில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 250 மி.மீ.தான். ஜூலையில் பகலில் 37 டிகிரி இருந்தாலும் இரவில் 20 வரை இறங்கும். தடித்த சுவர் இரவெல்லாம் குளிர்ந்து, முற்றத்தில் தங்கிய குளிர்காற்றோடு சேர்ந்து, மறுநாள் வெகுநேரம் வரை வீட்டைக் காப்பாற்றும். அதனால்தான் ஜன்னலே இல்லாத வெளிச்சுவர் அங்கே எடுபடுகிறது.

வெப்பமண்டலக் கடற்கரையில் பகலுக்கும் இரவுக்கும் பெரும்பாலும் ஏழெட்டு டிகிரிதான் வித்தியாசம். சுவர் குளிர நேரமே கிடைக்காது. ஈரப்பதம் வேறு கசகசவென்று ஒட்டும். உடம்புக்கு ஆறுதல் தருவது வீசுகிற காற்றுதான். ஆகவே முற்றம், நிழல், நிறம், உள்நோக்கிய அமைப்பு எல்லாவற்றையும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், மூடிய சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். கீழே வரும் பல பதில்கள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இன்னொரு விஷயம், மராகேஷ் 31 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வருவதே இல்லை. வெப்பமண்டலத்தில் வரும். முற்றம் எவ்வளவு குறுகலாக இருந்தாலும் நண்பகலில் தரை கொதிக்கும் நாட்கள் உண்டு. அதனால் முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு அடி அகலத் தாழ்வாரம் கட்டாயம்.

கடல் தெரிகிற மனையை வாங்கிவிட்டு வெளிப்பக்கம் சுவர் எழுப்பச் சொல்கிறீர்களா?

தெருப்பக்கம் மட்டும். கடல் பக்கம் தாராளமாகத் திறக்கலாம், திறக்கவும் வேண்டும். நான் விரும்புகிற ஏற்பாடு இது: தெருவிலிருந்து வெறுமையான சுவரும் ஒரு கனத்த கதவும். உள்ளே நடை ஒருமுறை திரும்புகிறது. முற்றம் வருகிறது. முற்றத்தின் எதிர்ப்பக்க வளைவுக்குள் கடல் தெரிகிறது. பூட்டைத் திறந்து பெட்டியோடு உள்ளே வருகிற விருந்தினர் அந்த இடத்தில் நின்று போனை எடுப்பார். வாடகை வீட்டுக்கு அந்த ஒரு படம் பெரிய விளம்பரம்.

பகலில் கடலிலிருந்து நிலத்துக்கும் இரவில் நிலத்திலிருந்து கடலுக்கும் காற்று வீசும். இரண்டும் புகுந்து வெளியேற வழி வேண்டும். எனவே தெருப்பக்கச் சுவரை முழுதாக மூடாமல், தலைக்கு மேல் உயரத்தில் மரச் சல்லடையோ துளையிட்ட சுவரோ வையுங்கள். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது அலங்காரம், உங்களுக்குக் காற்று வழி. கொசுவலை அடித்தால் காற்று நன்றாகவே குறையும் என்பதால் திறப்பைக் கொஞ்சம் பெரிதாக விடுங்கள். வலை கழற்றிக் கழுவுகிற சட்டத்தில் இருக்கட்டும், உப்பும் தூசியும் சேர்ந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கடலிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் உண்டு. படம் போடுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

முற்றத்தில் மழை கொட்டுமே, வீடு குளமாகிவிடாதா? மொட்டை மாடி ஒழுகாதா?

கணக்குப் போட்டால் பயம் போய்விடும். 50 சதுர மீட்டர் மாடியில் ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. மழை பெய்தால் 5000 லிட்டர் தண்ணீர். மொராக்கோ மாடிகளில் உள்ள சின்னத் தண்ணீர்த் தாரைகள் இதற்குக் காணாது. 100 மி.மீ. குழாய் குறைந்தது இரண்டு, இரண்டும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளியேறக் கைப்பிடிச் சுவரில் ஒரு துளை. மாடித் தளத்துக்கு 100க்கு ஒன்றாவது வாட்டம் வேண்டும். முற்றத்தின் தரை அறைத் தரையைவிட ஒரு படி தாழ்ந்திருக்கட்டும்.

படங்களில் தெரிகிற வெட்டிவிட்ட மாதிரியான மொழுக்கை முகப்புக்கு ஆசைப்பட்டு சன்ஷேடை விட்டுவிடாதீர்கள். இரண்டாவது மழைக்காலத்திலேயே ஜன்னல் மூலைகளிலிருந்து கறுப்புக் கோடுகள் இறங்கும். சன்ஷேடையே மெல்லிய பச்சை ஓட்டுக் கூரையாகச் செய்யலாம். மொராக்கோவின் பழைய முற்றங்களில் அப்படி உண்டு, பொருத்தமாகவும் இருக்கும்.

நடுவில் நீரூற்று வைத்தால் கொசு வராதா?

தேங்கினால் வரும். வெப்பமான இடத்தில் முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். விருந்தினர் இல்லாத வாரங்களில் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் பிரச்சினை. ஆகவே டைமர் வைத்துத் தினமும் ஓட விடுங்கள், அல்லது வீடு காலியாக இருக்கும்போது முழுதாக வடித்துவிடக்கூடிய ஆழமில்லாத தொட்டியாகக் கட்டுங்கள். கைக்குழந்தைகளுக்குச் சில அங்குலத் தண்ணீரும் ஆபத்து, அதனாலும் ஆழம் வேண்டாம். சுவரோரத்தில் ஓடு பதித்து ஒரு குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற ஊற்று ஃபெஸ் நகரத் தெருக்களில் நிறைய இருக்கும். இடமும் மிச்சம், வேலையும் குறைவு.

எல்லாச் சுவருக்கும் அந்த அடர்நீலம் அடிக்கலாமா?

மொராக்கோ படங்களில் பார்க்கிற அந்த நீலம் ஒரு தோட்டத்தின் நீலம். பிரெஞ்சு ஓவியர் ஜாக் மஜொரெல் மராகேஷில் 1923இல் நிலம் வாங்கித் தோட்டம் போட்டார், 1937இல் கட்டடத்துக்கு அந்த நிறத்தை அடித்தார். பிறகு 1980இல் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லொரானும் அவருடைய தொழில் கூட்டாளி பியேர் பெர்ஜேயும் அதை வாங்கிக் காப்பாற்றினார்கள். சுற்றிலும் பச்சை கள்ளியும் பனையும் நிற்பதால்தான் அங்கே அது எடுப்பாகத் தெரிகிறது. வீடு முழுக்க அடித்தால் அறைகள் இருண்டு, கடலையும் வானத்தையும் விழுங்கிவிடும். தவிர, அடர்நிறம் வெயிலை உறிஞ்சும், வெளிறினால் உடனே தெரியும்.

கடற்கரைக்கு மராகேஷைவிட எஸ்ஸவீராவைப் பாருங்கள் என்பேன். அட்லாண்டிக் ஓரத்துக் கோட்டை நகரம், 18ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டுக் கட்டியது, 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே வெள்ளைச் சுவர், நீலக் கதவு, மணல் நிறக் கல். உப்புக்காற்றில் வாழ்கிற ஊர் தேர்ந்தெடுத்த நிறங்கள் அவை. சுண்ணாம்பு வெள்ளையை மறுபடி அடிப்பது எளிது, கதவு நீலத்தை அவ்வப்போது புதுப்பிக்கலாம். மராகேஷின் செம்மண் நிறம் வேண்டுமென்றால் முற்றத்துக்குள் ஒரே சுவருக்கு அடியுங்கள்.

ஜெல்லிஜ் ஓடு அசலாகவே வேண்டுமா? கடையில் அதே டிசைனில் டைல்ஸ் கிடைக்கிறதே.

எங்கே என்பதைப் பொறுத்தது. அசல் ஜெல்லிஜ் களிமண்ணில் செய்து, மெருகிட்டுச் சுட்ட ஓடு. நட்சத்திர வடிவங்களுக்குக் கைவினைஞர் கூர்மையான சுத்தியலால் துண்டு துண்டாகக் கொத்தி, முகத்தைக் கீழே வைத்து அடுக்கி, முதுகில் சாந்து ஊற்றிப் பலகமாக்குவார். ஒரு சதுர ஓட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: மேல்பரப்பு மெல்ல அலைபாயும், ஓரங்களில் மெருகு உதிர்ந்து செங்கல் நிறம் எட்டிப்பார்க்கும், இரண்டு ஓடு ஒரே பச்சையாக இருக்காது. அச்சடித்த டைல்ஸில் இல்லாதது இதுதான்.

அதனால் கண்ணுக்கு அருகில் வருகிற இடங்களில் அசல்: ஊற்று, சமையல் மேடைக்குப் பின்சுவர், குளியலறையில் ஒரு சுவர். தரைக்கு வேண்டாம். ஈரக்காலில் மெருகு வழுக்கும், ஓரங்கள் குத்தும், மணல் தேய்க்கும். கடலிலிருந்து வருகிற பாதை, வெளிக் குளியல், முற்றம் ஆகியவற்றுக்கு வழுக்காத தரை ஓடு போடுங்கள், வழுக்கல் தரம் ஆர் 11 ஆவது இருக்கட்டும். அச்சு டைல்ஸ்தான் வாங்குகிறீர்கள் என்றால், ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வராமல் பல முகங்கள் உள்ள வகையாகக் கேளுங்கள்.

பூப்போட்ட சிமென்ட் டைல்ஸ்?

உள்ளறைத் தரைக்கு அருமை, காலுக்கும் குளிர்ச்சி. அது சுடாத ஓடு, அழுத்திச் செய்வது. நிறம் மேலே சில மி.மீ. மட்டுமே. பதித்ததும் சீலர் அடிக்க வேண்டும், ஆசிட் ஒரு சொட்டும் ஆகாது.

தடெலாக்த் என்று ஒரு பூச்சு சொல்கிறார்களே, குளியலறையில் தண்ணீர் தாங்குமா?

தாங்கும். மராகேஷ் வட்டாரச் சுண்ணாம்பில் செய்கிற பூச்சு அது. ஈரம் காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து இறுக்கி, ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்பு சோப்பைப் பூசுவார்கள். சோப்பின் கொழுப்பும் சுண்ணாம்பும் வினைபுரிந்து தண்ணீரில் கரையாத ஒரு படலம் உண்டாகும். அங்கே நீராவிக் குளியலறைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் காலங்காலமாக அடிப்பது இதுதான். இணைப்புக் கோடே இல்லாத சுவர் என்பதால் கிரவுட்டில் பூஞ்சை பிடிக்கிற தொல்லையும் கிடையாது.

ஆனால் இது கைவேலை. தெரிந்த கொத்தனார் இல்லாவிட்டால் இறங்காதீர்கள், அவரை முதலில் ஒரு சிறிய சுவரில் செய்துகாட்டச் சொல்லுங்கள். கலவைக்குக் கடல் மணல் கூடவே கூடாது, உப்பு பூத்துப் பூச்சு உதிரும். தரையில் வேண்டாம், பளபளப்பு வழுக்கும். பராமரிப்பைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் பாருங்கள், வாடகை வீட்டில் அதுதான் சிக்கல்.

ஆர்ச் எத்தனை வைக்கலாம்?

என்னைக் கேட்டால் மூன்று இடம்: நுழைவு, கடல் பார்க்கும் தாழ்வாரம், படுக்கைக்குப் பின்னால் ஒரு மாடம். எல்லாக் கதவுக்கும் ஜன்னலுக்கும் குதிரைலாட வளைவு போட்டால் உணவகம் மாதிரி ஆகிவிடும், ஒவ்வொரு கதவும் தனியாகச் செய்ய வேண்டியும் வரும். கான்கிரீட் சட்டக வீட்டில் வளைவு பாரம் தாங்குவதில்லை, லின்டலுக்குக் கீழே செங்கலால் கட்டிவிடலாம். வளைவின் கீழ்ப்புள்ளி ஆள் தலைக்கு மேலே இருக்கிறதா என்று கட்டுவதற்கு முன் ஆளை நிறுத்திப் பாருங்கள்.

செதுக்கின பிளாஸ்டர் வேலை முகப்பில் வைக்க ஆசை. வைக்கலாமா?

மொராக்கோவில் அது ஜிப்சம். தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் தன்மை கொண்டது. சாரல் அடிக்கும் முகப்பில் வைத்தால் கூர்மையான வடிவங்கள் வழவழவென்று ஆகிப் பாசி பிடிக்கும். உள்ளே, ஏசி அறையில் வையுங்கள். வெளியே வேண்டுமானால் கண்ணாடி நார் கலந்த கான்கிரீட்டில் வார்த்த பலகங்களைப் பயன்படுத்தலாம்.

பித்தளை லேன்டர்ன், இரும்பு கிரில் எல்லாம் துருப்பிடிக்குமே?

பித்தளை துருப்பிடிக்காது, கறுக்கும். கறுத்ததும் அழகுதான் என்று விட்டுவிடலாம். சிக்கல் என்னவென்றால், பித்தளை என்று விற்பதில் நிறைய முலாம் பூசிய இரும்பு. காந்தத்தைக் காட்டுங்கள், ஒட்டினால் அது இரும்பு. கடற்கரையில் ஒரே பருவத்தில் துளைகளின் ஓரமெல்லாம் சிவந்துவிடும்.

வெளி கிரில்லுக்கு இரும்பை விட்டு, பவுடர் கோட்டிங் அடித்த அலுமினியம் போடுங்கள். கீல், தாழ்ப்பாள், திருகு எல்லாம் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அதில் கலந்துள்ள மாலிப்டினம் உப்பைத் தாங்கும், 304 வகையில் பழுப்புக் கறை படியும். இரண்டையும் காந்தத்தால் பிரித்துச் சொல்ல முடியாது என்பதால் பில்லில் எழுதி வாங்குங்கள். சுவருக்குள் இருக்கிற கம்பி இதைவிட முக்கியம். வெளிப்பக்கக் கான்கிரீட்டில் கம்பிக்கு 45 முதல் 50 மி.மீ. கவர் (கம்பியை மூடுகிற கான்கிரீட்டின் தடிமன்) விடச் சொல்லிப் பொறியாளரிடம் வலியுறுத்துங்கள்.

அதே லேன்டர்னை மாட்டினேன், படத்தில் இருப்பது போல சுவரில் நிழல் கோலம் விழவில்லையே?

பல்பைப் பாருங்கள். பால் கண்ணாடி பல்பு வெளிச்சத்தைப் பரப்பிவிடும், துளைகளின் நிழல் மங்கிவிடும். ஒளி ஒரு சின்னப் புள்ளியிலிருந்து வர வேண்டும். கண்ணாடி தெளிவாக உள்ள, உள்ளே ஒளிர்பகுதி சிறியதாக உள்ள பல்பு போடுங்கள், 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம். மற்ற விளக்குகள் அதிகம் எரிந்தாலும் கோலம் தெரியாது. படிக்க, சமைக்கத் தனி விளக்கும் தனி ஸ்விட்சும் வையுங்கள்.

கம்பளி விரிப்பு, தோல் புஃப் எல்லாம் வாங்கலாமா?

அட்லஸ் மலைக்காரர்களின் பெனி வராய்ன் கம்பளி விரிப்பு பனிக்காலத்துக்காக நெய்தது. ஈரக்காற்றில் அதன் அடர்ந்த மயிருக்குள் மணலும் பூஞ்சையும் குடியேறும். ஜமுக்காளம் போலத் தட்டையாக நெய்த பருத்தி விரிப்புகளை எடுங்கள், துவைத்துப் போடலாம். தரையில் போட்டு உட்காருகிற தோல் புஃபில் பூஞ்சை பூக்கும். கேன்வாஸ் உறை போட்டால் அதே வடிவம் கிடைக்கும். மெத்தை உறைகள் எல்லாவற்றுக்கும் ஜிப் இருக்கட்டும், இரண்டு ஜோடி வைத்திருங்கள். ஒன்று துவைக்கப் போனால் இன்னொன்று.

முதியவர்கள் வந்தால் அந்தத் தாழ்வான திண்டில் உட்கார முடியுமா?

சுவரோரம் மூன்று பக்கமும் நீளமாக ஓடுகிற மெத்தைத் திண்டு மொராக்கோ கூடத்தின் உயிர், அதை விட வேண்டாம். உயரத்தை மட்டும் மெத்தையோடு சேர்த்து 43 முதல் 45 செ.மீ. ஆக்கிவிடுங்கள், முட்டிக்குச் சிரமம் இருக்காது. கூடவே கைப்பிடி உள்ள நாற்காலி இரண்டு போடுங்கள். ஒரு படுக்கையறையாவது படியே இல்லாமல் போகிறபடி தரைத்தளத்தில் இருக்கட்டும்.

முற்றத்தில் பேசினால் எல்லா அறைக்கும் கேட்கிறதே?

நான்கு பக்கமும் கடினமான சுவர், கீழே ஓடு. எதிரொலிக்காமல் என்ன செய்யும்? இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டை எடுத்தால் இரவில் இதுதான் முதல் புகார். படுக்கையறை ஜன்னல்களை முற்றத்தில் நேருக்கு நேர் வைக்காதீர்கள். தாழ்வாரக் கூரைக்கு மரப்பலகை, தடித்த திரைச்சீலை, அடர்ந்த செடிகள் ஓரளவு உறிஞ்சும். ஊற்றின் ஓசை பேச்சை மறைக்கும், ஆனால் படுக்கையறைக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே தொல்லை. செடிக்கு ஆலிவ் வேண்டாம், குளிர்காலக் குளிர் இல்லாமல் அது சரியாகப் பூக்காது. காகிதப்பூ, அரளி வகைகள் உப்பைத் தாங்கும், ஆனால் அரளி நச்சு. குழந்தைகள் வருகிற வீட்டில் காகிதப்பூவே போதும்.

அரபு எழுத்து அலங்காரம் வைக்கலாமா? யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எதையும் மாட்டாதீர்கள். அவற்றில் பல குர்ஆன் வசனங்கள். குளியலறையிலும் தரையிலும் அவை வந்தால் பலர் மனம் புண்படும். தொழுகை விரிப்பைக் கால்மிதியாக்குவதும் அப்படியே. கோண வடிவங்கள், நட்சத்திரங்கள் போதும். வீட்டு விளம்பரத்தில் "பாரம்பரிய ரியாத்" என்று போடாமல் "மொராக்கோ தாக்கம்" என்று போடுவது நேர்மை. விரிப்பு, மட்பாண்டம் போன்றவற்றில் வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான அமாசிக் மக்களின் கைவேலை இருந்தால் அதைச் சொல்லி ஒரு சிறு குறிப்பு வையுங்கள். விருந்தினர் ஆர்வமாகப் படிக்கிறார்கள்.

ஹம்மாம் கட்டினால் வாடகை கூடுமா?

வெளியே காற்றே நீராவியாக இருக்கிற இடத்தில் நீராவி அறைக்கு ஆள் தேடுவது கஷ்டம். அதன் தோற்றத்தை எடுத்துக்கொள்ளலாம்: பெரிய குளியலறை, கட்டிய திண்டு, பித்தளைச் செம்பு, மேலே சிறு துளைகள் வழியாக வெளிச்சம். பாய்லர் வேண்டாம்.

புதிதாகக் கட்டவில்லை, இருக்கிற சாதாரண வீடுதான். கையில் காசும் குறைவு. எங்கே ஆரம்பிப்பது?

முதலில் வெள்ளையடித்துக் கதவுகளை நீலமாக்குங்கள். அடுத்து விளக்குகள், பல்பு விஷயம் மேலே சொன்னதுதான். அப்புறம் கூடத்தில் சுவரோரத் திண்டு. மிச்சப் பணத்தை முழுதாக ஒரே சுவரில் போடுங்கள், அசல் ஜெல்லிஜில். பத்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டினால் எதுவும் கண்ணில் நிற்காது. முற்றம் இல்லாவிட்டால் பக்கவாட்டு இடைவெளியையோ பின்கட்டையோ சல்லடை போட்டு மறைத்து ஓர் ஊற்று வைக்கலாம்.

ஆறு மாதம் விருந்தினர், ஆறு மாதம் பூட்டு. சுத்தம் செய்பவர்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இதெல்லாம் தாங்குமா?

இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். தடெலாக்த், சிமென்ட் டைல்ஸ், ஜெல்லிஜ் மூன்றையும் கெடுப்பது ஆசிட் கலந்த கழுவுதிரவம். கழிப்பறைக்கு வைத்திருப்பதை எடுத்துச் சுவரில் ஊற்றிவிடுவார்கள். சுண்ணாம்பு ஒருமுறை அரித்தால் அந்த இடம் மங்கலாகவே நிற்கும். ஆகவே வீட்டில் ஆசிட் வகை எதையும் வைக்காதீர்கள், மிதமான சோப்பு மட்டும் வாங்கி அலமாரியில் அடுக்குங்கள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு வரி எழுதி ஒட்டுங்கள். தடெலாக்துக்கு அவ்வப்போது கறுப்பு சோப்புப் பூச்சு தேவை, அதைச் செய்பவர் ஒருவரே இருக்கட்டும்.

பூட்டியிருக்கும் மாதங்களில் எதிரி பூஞ்சை. ஏசியை வெறுமனே குளிர வைக்காமல், ஈரம் உறிஞ்சும் கருவியைத் தானாக இயங்கும்படி அமைத்துவிட்டுப் போங்கள். மெத்தைகளைச் சுவரை விட்டு நகர்த்துங்கள், அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், ஊற்றை வடியுங்கள், தொங்கும் லேன்டர்ன்களை வெளியிலிருந்து கழற்றி உள்ளே வையுங்கள். புயல் வருகிற கடற்கரையானால் கடல் பக்கக் கதவுகளுக்கு மடிப்புச் சட்டர் வேண்டும். எஸ்ஸவீரா பாணி நீலப் பலகைச் சட்டரே போதும், கொக்கிகள் மட்டும் 316 ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.